கிளம்பிப்போன மாங்காய்

வீட்டில் முதன்முதலாகப் படித்தவனுக்கு வரும் வியாதி ஒன்று உண்டு. விதிமுறைகள் எல்லாம் சுமாராகப் படித்தவர்களுக்காக எழுதப்பட்டவை என்று நினைத்துக்கொள்வான். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

சிங்காநல்லூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் பயிற்சிக் காலம். கம்ப்யூட்டர் ஓட்டும் ஜக்கார்டு தறிக்குக் கம்பைலர் எழுதுவது என் வேலை. சேலை பார்டரின் டிசைனை வார்த்தைகளில் எழுதிக் கொடுத்தால், எந்த இழையைத் தூக்கு, எதை விடு என்று தறிக்குப் புரியும் எண்களாக அது மாற்றித் தரும். கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் சோதனை. மாங்காய் டிசைன் போட்ட பார்டர் சரியாக வந்தால் என் வேலை நிரந்தரம். (கிணத்துக்கடவில் அம்மா நிரந்தரமாகிவிட்டதாகவே தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். கேட்டால், "எப்படியும் ஆவத்தான கண்ணு போவுது" என்றார்.)

எங்கள் மேலதிகாரி ராஜலட்சுமி மேடம், நிரல் எழுதும் முறைகளைப் பக்கம் பக்கமாக வகுத்திருந்தார். அதில் ஒன்று: ஃபைலைத் திறக்கும்போதே அது வெறும் எழுத்தா, எண்களாக இருக்கும் பைனரியா என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஓடிய யூனிக்ஸில் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். வித்தியாசமே இல்லாததை எதற்கு எழுதுவது? (அறிவாளி!) தறிக்கூடக் கம்ப்யூட்டரில் இருந்ததோ டாஸ். அதற்கு ஏற்றபடி என் நிரலை மறுபடி ஒருமுறை கம்பைல் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தறி முதலாளி பொன்னுசாமி அண்ணன் வெள்ளை வேட்டியில் உறவுக்காரர்களோடு காத்திருந்தார். தறி ஓடியது. மாங்காயின் காம்பு லட்சணமாக வந்தது. வயிறு வரும்போது மெல்லப் பக்கத்தில் சாய்ந்தது. பிறகு பார்டரை விட்டு இறங்கி, சேலையின் உடலுக்குள் நடக்க ஆரம்பித்தது.

"ஏனுங்க சார், மாங்கா எங்கியோ கெளம்பீருச்சுங்களே?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நான் சொன்னேன்: "டிசைனே அப்படித்தானுங்க."

"அப்படிங்களா!" என்றார் மரியாதையாக. உறவுக்காரர்களும் தலையாட்டினார்கள். தறி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது மாங்காயும் முதலாவதைத் தேடிக்கொண்டு புறப்பட்டது.

தாமதமாக வந்து சேர்ந்த மேடம்தான் தறியை நிறுத்தச் சொன்னார். "பாத்துட்டு நின்னீங்களாண்ணா?"

"படிச்ச தம்பி சொல்லீட்டாருங்க. நாம எப்படிங்க அம்மணி குறுக்க பேசறது?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "பைனரின்னு சொல்லித் தொறந்தியா?"

"ஆபீஸ்ல நல்லா ஓடுச்சுங்க மேடம்."

"ஆபீஸ்லயாப்பா சேலை நெய்யறோம்?"

டாஸுக்கு ஒரு பழக்கம். பைனரி என்று சொல்லாமல் திறந்தால், எழுதும்போது பத்து என்ற எண்ணைக் கண்டதும் வரி முடிந்துவிட்டது என்று தானாக முடிவு செய்து, அதற்கு முன்னால் ஒரு பதின்மூன்றைச் சேர்த்துவிடும். ரேஷன் கடை வரிசையில் நடுவில் ஒருவர் புகுந்த மாதிரி, பின்னால் நின்ற இழைகள் அத்தனையும் தள்ளிப்போயின. டாஸ் யாரும் கேட்காமலே சேர்த்தது, நானோ அண்ணன் கேட்டும் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டில் எது மோசம் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். மேடம் எழுதிய விதி அவருடைய கெடுபிடி இல்லை. நாம் பார்க்காத ஒரு இடத்துக்கும், அங்கே இருப்பவர்களுக்கும் காட்டும் மரியாதை அது. பொன்னுசாமி அண்ணனுக்கு அது இயல்பாகவே இருந்தது, பாழான துணியைக்கூட "சன்னலுக்குக் கட்டிக்கறனுங்க" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

வேலை நிரந்தரமாகவில்லை. பயிற்சிக் காலம் நீண்டது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையோடு கேட்டு முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓடுச்சு ஓடுச்சுங்கறயே சாமி, உன்ற ஊட்லயா, அவிக ஊட்லயா?"

அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்து, "சம்பந்தம் அமைஞ்சுபோச்சும்மா" என்று குதித்தபோதும் அதே கேள்விதான். கல்யாணமான மாதமே என் மனைவியும் கற்றுக்கொண்டாள். போன வாரம் மகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, "விடை சரியா வருது பாரு கண்ணு" என்றேன். நோட்டைப் பார்க்கவே இல்லை அவள்.

"உங்க ஊட்லயாப்பா, எங்க மிஸ் ஊட்லயா?"