வெள்ளி வரைக்கும் டப்பா

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, மூத்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், பல் மருத்துவன், எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமில்லை. அங்கே நீங்களாவது சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன். ஒரு வரி விடாமல் நீங்களே படிக்க வேண்டும். வேறு யாரையும் படிக்கவிட வேண்டாம்.

உங்கள் தங்கை என்னை விட்டுப் போய்விட்டாள். உங்களுக்கே தெரியும், உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். காரணமும் தெரிந்திருக்கும். யார் பேசினாலும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதுதான். அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

திங்கட்கிழமை காலை. காபி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் நின்று ஏதோ சொன்னாள். நீளமாக. அதில் 'அண்ணன் வீட்டுக்கு' என்பது மட்டும் காதில் விழுந்தது. என் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை, ஆனால் என் பிழைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் மச்சான், நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் வேலை, அங்கிருந்து ஒரு முழு வாக்கியம் இதுவரை வெளியே வந்ததில்லை, "பிள்ளைங்கல்லாம் எப்படி இருக்காங்க?" என்று கேட்பேன், வாயில் பஞ்சு, எச்சிலை உறிஞ்சும் குழாய், போதாததற்கு என் இரண்டு விரல், அவர் "ஆ" என்பார், "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்பேன், பேச்சுவார்த்தை என்றால் இதுதான் என்று பழகிவிட்டது. யாராவது வாயைத் திறந்தால் கண் முந்திக்கொள்கிறது. காது பின்னாலேயே நின்றுவிடுகிறது. அன்றைக்கும் அதுதான். அவள் பேசினாள். மேல் வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் லேசாக உள்ளே சாய்ந்திருந்தது. கல்யாணத்தன்று நேராக இருந்ததா? அந்த யோசனையில் தலையை ஆட்டியிருக்கிறேன். 'ம்' கொட்டியும் இருக்கிறேன்.

சாயங்காலம் வீடு பூட்டியிருந்தது. பெரிய பை இல்லை. அவளுடைய டூத் பிரஷ் இல்லை. கோபத்தில் சேலையை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வருவார்கள். பிரஷ்ஷை மறக்காமல் எடுத்துப்போகிறவர்கள் தீர்மானமாகப் போகிறார்கள். இது தொழில் அனுபவம்.

பிரிட்ஜைத் திறந்தேன். டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதி ஒட்டியிருந்தது. திங்கள், செவ்வாய், அப்படியே வெள்ளி வரை. சனிக்கிழமைக்கு டப்பா இல்லை. பிரிட்ஜ் கதவைத் திறந்தபடி ரொம்ப நேரம் நின்றேன். வெள்ளியோடு என் கணக்கு முடிந்தது. அதன்பிறகு நான் எப்படிப் போனால் அவளுக்கென்ன. வேறெப்படி அர்த்தம் எடுக்க முடியும்?

மறுநாள் கிளினிக்கில் உதவியாளர் அம்மாவிடம் கேட்டேன், நான் மற்றவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பதில்லையா என்று.

"காதுகுடுத்துக் கேக்கறதைப் பழக்கிக்குடுக்க ஒரு வகுப்பு இருக்காம் சார். உங்ககிட்ட சொல்லச் சொல்லி வீட்டம்மா போன மாசமே சொன்னாங்க. நானும் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ம்-னீங்க."

புதன்கிழமை கிளினிக்கை மூடிவிட்டு அந்த வகுப்புக்குப் போனேன். ஒரு கட்டடத்தின் மாடி, மடக்கு நாற்காலிகள். வந்திருந்த அத்தனை பேரும் யாரோ பிடித்துத் தள்ளி வந்தவர்கள். தன் விருப்பத்தில் வந்தவர் ஒருவர்தான், அவரும் பக்கத்து அறையில் நடந்த கேக் செய்யும் வகுப்புக்கு வந்தவர். அறை மாறி உட்கார்ந்துவிட்டார். மதியம் வரை ஒரு வார்த்தை பேசாமல், "முட்டையை எப்ப உடைப்பாங்க?" என்ற ஒரே கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் கேட்டவர் அவர்தான். பயிற்சியாளர் மூச்சுவிடாமல் பேசினார். ஒருவர் கை தூக்கினார். தூக்கிய கையோடு சாப்பாட்டு நேரம் வந்தது. நான் குறித்துக்கொண்டது இவ்வளவு: எதிரில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குள் இருக்கும் உணர்ச்சிக்குப் பெயர் வைக்க வேண்டும். மௌனத்தை மதிக்க வேண்டும்.

வியாழன் காலை முதல் வேலையாக உங்களுக்குப் போன் செய்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். இருந்தாலும் நான் எவ்வளவு கவனமாகக் கேட்டேன் என்பதற்குச் சாட்சியாக எழுதுகிறேன்.

"மாப்ளயா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். தங்கச்சி இங்க எதுக்கு வந்திருக்கான்னா..."

"அவ வந்ததைப் பத்திப் பேசணும்னு நினைக்கறீங்க, மச்சான்."

"ஆமா. திங்கக்கிழமை எனக்கு..."

"உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கு."

"கஷ்டம்தான், இப்ப தேவல. டாக்டர் என்ன சொல்றார்னா..."

"டாக்டர்னு என்னைத்தான் சொல்றீங்க. உங்க கோபம் நியாயமானது."

"கோபமா? யாருக்கு மாப்ள?"

அதன்பிறகு நீங்கள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை மதித்துப் போனை வைத்துவிட்டேன்.

மதியம் அவளே கூப்பிட்டாள்.

"சாப்டீங்களா?"

"நான் சாப்டேனான்னு கேக்கறே."

"ஆமா, அதத்தான் கேக்கறேன்."

"அந்தக் கேள்விக்குள்ள ஒரு வருத்தம் இருக்கு."

"நேத்து டப்பாவுல உப்பு கம்மி, அந்த வருத்தம்தான். குழாய்க்காரர் வந்தாரா?"

"குழாய்க்காரர் வரணும்னு உனக்குள்ள ஒரு ஏக்கம்."

"ஏங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? சரி, வைக்கறேன், நேரமாச்சு."

நேரமாச்சு. நேற்றிலிருந்து அந்த ஒரு சொல்லை மென்றுகொண்டிருக்கிறேன். காலம் கடந்துவிட்டது என்கிறாள். இனி சரிசெய்ய முடியாது என்கிறாள்.

மனம் கேட்கவில்லை. சாயங்காலம் நோயாளிகளிடமாவது பழகிப் பார்ப்போம் என்று நினைத்தேன். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர் ஒருவர், கடைவாய்ப் பல், மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. வழக்கமாக உடனே கருவியை எடுப்பேன். எடுக்கவில்லை. "சொல்லுங்க" என்றேன். மனிதர் அதுவரை யாருமே தன்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தார், பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், பாதி மரத்த வாயோடு, பிரேக் என்று கத்தினால் ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாணவர்கள், வீட்டில் தன்னை யாரும் மதிக்காதது, காரில் இடப்பக்கமே உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிப்போனது, நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன், அவர் அழுதார், நானும் கொஞ்சம் அழுதேன், ஊசியின் வேகம் தீர்ந்துவிட்டது, அவர் தீரவில்லை. இன்னொரு ஊசி போட்டேன். அதற்கும் பேசினார். வெளியே காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"மனசு லேசாயிடுச்சு டாக்டர்" என்று எழுந்தார். பல் அப்படியே இருக்கிறது.

"இப்படியே போனா கிளினிக்கும் லேசாயிடும் சார்" என்றார் உதவியாளர் அம்மா.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு சத்தம் கேட்டது. சமையலறைக் குழாய். சொட்டு. இடைவெளி. சொட்டு. எத்தனை மாதமாகச் சொட்டுகிறதோ. அவள் தினமும் இதைக் கேட்டுக்கொண்டு என்னிடமும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். இரண்டுக்கும் நான் 'ம்' கொட்டியிருக்கிறேன். வீட்டில் அவள் பேச்சு இல்லாத இடத்தை அந்தக் குழாய் எடுத்துக்கொண்டது. அவளே பேசியிருக்கலாம் என்று தோன்றியது. என்ன சொன்னாலும் சரி.

மச்சான், இன்றைக்கு வெள்ளி. கடைசி டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை. நாளைக் காலை நானே வந்து உங்கள் வாசலில் நிற்பேன். பேச மாட்டேன். அவள் பேசட்டும். இனி அவள் வாயைத் திறந்தால் எனக்குப் பல் தெரியாது, சொல் மட்டுந்தான் கேட்கும். இது சத்தியம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவையுங்கள்.

அண்ணியாருக்கு என் வணக்கம். உங்கள் குடும்பத்தார் அனைவருடைய பற்களும் ஈறுகளும் நூறாண்டு உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட மாப்பிள்ளை

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போது கதவு திறந்தது. உங்கள் தங்கை. கையில் பெரிய பை.

"திரும்பி வந்துட்டே" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வருவேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? அண்ணனுக்குக் கண்ணு ஆபரேஷன், அண்ணி ஆபீஸ் போயிட்டா பகல்ல சொட்டு மருந்து விட ஆளில்ல, நான் லீவு போட்டிருக்கேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். தலையை ஆட்டினீங்களே. நேத்து பேசும்போதுகூட சொட்டு மருந்துக்கு நேரமாச்சுன்னுதான் வச்சேன்."

கடிதத்தை எடுத்துப் படித்தாள். இரண்டு தடவை உட்கார்ந்து சிரித்தாள். கிழித்துவிடலாம் என்றேன். "அனுப்புங்க. கறுப்புக் கண்ணாடியோட பொழுது போகாம உக்காந்திருக்கார்" என்றாள். பிறகு எதிரில் நின்று ஏதோ முக்கியமாகச் சொன்னாள். கூர்ந்து கவனித்தேன். நிச்சயமாகச் சொல்கிறேன் மச்சான், அந்தப் பல் முன்னைவிட உள்ளே சாய்ந்திருக்கிறது.

அண்ணா, இது நான் எழுதறது. அண்ணி இதைச் சத்தமாப் படிச்சுக் காட்டுவாங்க, சிரிச்சுக் கண்ணைக் கசக்கிடாத. அடுத்த மாசம் இன்னொரு கண்ணு ஆபரேஷனுக்கும் நானே வர்றேன், அஞ்சு நாள் இருப்பேன். இவர்கிட்ட இப்பத்தான் நேருக்கு நேர் நின்னு சொன்னேன். ம்-னார்.