கால்புள்ளியில் மூச்சு

“சார், உங்க கம்ப்யூட்டர் மூச்சு விடுதுங்க.”

போனில் யோகப்பிரியா இப்படிச் சொன்னதும் ரிஜோவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. குரல் சரியில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் என்றால் கழற்றிப் பார்க்கலாம். குரலைக் கழற்ற ஸ்க்ரூ கிடையாது.

“விசிறிச் சத்தமா இருக்கும் மேடம்.”

“இருக்குமுங்க. ஆனா விட்டு விட்டு வருதுங்க. உஸ்ஸுன்னு இழுக்குது, நிக்குது, மறுபடி இழுக்குது. சனிக்கிழமைக்குள்ள சுத்தமா ஒரு பதிவு அனுப்பிட்டீங்கன்னா எங்க எம்.டி.கிட்டப் போட்டுக் காட்டிருவேன்.”

கதைகளை வாசித்துப் படத்தோடு வெளியிடும் கோயம்புத்தூர் கம்பெனி அது. வீட்டிலிருந்தே வாசிக்கலாம். வாசிக்கிறவனே படத்தையும் சேர்த்து முடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். வேலை கிடைத்தால் ரிஜோ பிழைத்தான். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் ஏலக்காய் ஸ்டோர். காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளும் ராத்திரி ஷிஃப்ட்டைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவன் அவன். அதே அடுப்பின் முன்னால் புகை தின்று தின்றுதான் அவன் அப்பா சுவக்கீன் போன மழைக்குச் செத்துப்போனார்.

சுவக்கீன் ஸ்டோரில் அடுப்புக்காரர், ஞாயிற்றுக்கிழமையில் உபதேசியார். பங்குச் சாமியார் எப்போதாவதுதான் சக்குபள்ளத்துக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட் கோயிலுக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் வாசகம் வாசிப்பது சுவக்கீன்தான். அவர் வாயைத் திறந்தால் பிள்ளைகள் அழுகையை நிறுத்தும். மகனை ஒரே ஒரு முறை வாசிக்க விட்டார். பாதியில் புத்தகத்தைக் கையிலிருந்து பிடுங்கி, மிச்சத்தைத் தானே முடித்தார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கால்புள்ளியில மூச்சு வாங்குலே. கண்ட இடத்துல வாங்காத. உனக்கு இது வராது.”

இப்போது அதே மனிதரின் அறையில், அவர் வேதப்புத்தகம் வைத்திருந்த சுவர்த்தட்டில்தான் ரிஜோவின் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. வேறெதையும் நகர்த்த அம்மா கத்தரீனாள் விடவில்லை. அந்தத் தட்டுக்குள் அடங்க வேண்டும் என்றுதான் செருப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டியாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தான்.

கட்டப்பனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜோஜோ விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

“சின்னப் பெட்டிக்குள்ள ஒத்தை விசிறி கார்டு. பின்ன கத்தாம என்ன செய்யும் சேட்டா? சூடு ஏற ஏற அது பிராணன் போற மாதிரி சுத்தும்.”

“அப்ப மூணு விசிறி கார்டு குடு.”

“பெட்டியை அறுத்தாத்தான் போகும். ரெட்டை விசிறியில குட்டையா ஒண்ணு இருக்கு, எடு. விசிறி பெரிசானா மெதுவாச் சுத்தும், சத்தம் கொறையும். வேலை இல்லாதப்ப ரெண்டும் தானா நின்னுடும். நீ வாசிக்கும்போது அது உறங்கும்.”

கார்டு விரலிடைகூட மிச்சமில்லாமல் உள்ளே பொருந்தியது. ரிஜோ வாசித்து அனுப்பினான்.

“நல்ல கார்டுங்க சார்,” என்றாள் யோகப்பிரியா. “இரைச்சல் போயிருச்சு. இப்ப மூச்சு நல்லாத் தெளிவாக் கேக்குதுங்க.”

அடுத்து பிராசசர் மேலிருந்த விசிறி. உயரமான கூலர் வைத்தால் மூடி சாத்தாது. ஜோஜோ தட்டையான ஒன்றைக் கொடுத்தான். மேலே அகலமான விசிறி, கீழே அடுக்கடுக்காகத் தகடு. ரிஜோ விசிறியின் வேகத்தை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினான். காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டான். ஒன்றுமில்லை. திருப்தியாக வாசித்து அனுப்பினான்.

“சார், இப்ப இருமுதுங்க.”

“கம்ப்யூட்டர் எப்படி மேடம் இருமும்?”

“அதைத்தானுங்க நானும் கேக்கறேன்.”

குறை அறையில் இருக்கும் என்று முடிவு செய்தான். பலகைச் சுவர், தகரக் கூரை. பக்கத்து வீட்டு இருமல் எதிரொலிக்கிறது. ஸ்டோரில் போய்ப் பழைய ஏலக்காய்ச் சாக்குகளை வாங்கி வந்து நாலு சுவரிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டான். மலையில் யாருக்கும் உடனே தோன்றும் யோசனைதான். எதிரொலி செத்தது. புகையும் ஏலமும் கலந்த வாசம் அறையில் கட்டி நின்றது. கத்தரீனாள் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

“அப்படியே ஸ்டோர் மாதிரி இருக்குலே. அவுகளுக்கு இப்பத்தான் சொந்த எடம் மாதிரி இருக்கும்.”

“யாருக்கு?”

அவள் உள்ளே போய் வந்தாள். கடுங்காப்பி இரண்டு டம்ளரைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“ரெண்டு எதுக்கும்மா?”

“ஒண்ணு உனக்கு.”

அவள் போய்விட்டாள். ரிஜோ ஒன்றைக் குடித்தான். சர்க்கரை இல்லை. அப்பாவுக்குத்தான் சர்க்கரை போடாமல் கொடுப்பாள். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டான்.

சாக்குக்குப் பிறகு அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு யோகப்பிரியா தயங்கினாள்.

“இருமல் நின்னுருச்சுங்க சார்.”

“அப்பாடா.”

“தொண்டையைச் செருமிட்டு ஆரோ முணுமுணுக்கறாங்க. பக்கத்துல ஆருங்க இருக்கறது?”

“யாருமில்ல மேடம். அம்மா சமையக்கட்டுல.”

“ஆம்பளைக் குரலுங்க.”

மத்தியானம்தான். ஆனாலும் மூடுபனி ஜன்னல்வரை வந்து கண்ணாடியில் முகம் வைத்திருந்தது. ரிஜோ பதிவைத் திரையில் விரித்துப் பார்த்தான். அவன் குரல் மலைத்தொடர்போல ஓடியது. அதற்கு இடையிடையே சின்னச் சின்ன மேடுகள்; அந்த மூச்சு. வாசித்த தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மேட்டையும் தொட்டுப் பார்த்தான்.

எல்லாம் கால்புள்ளியில் இருந்தன.

ஒன்றுகூடத் தப்பவில்லை. ரிஜோ கால்புள்ளியில் மூச்சு வாங்குகிறவன் இல்லை. அது ஊருக்கே தெரியும். விசிறி எதற்குக் கால்புள்ளி பார்த்து நிற்கிறது?

கம்ப்யூட்டரை நிறுத்தினான். பிளக்கைப் பிடுங்கினான். விசிறி இறக்கையில் விரலை வைத்தான், அசைவில்லை. கார்டைத் தொட்டான், ஆறியிருந்தது. பிறகு தாளை எடுத்து முதல் வாக்கியத்தைச் சத்தமாக வாசித்தான். கால்புள்ளியில் நிறுத்தினான்.

பெட்டியின் துளையிலிருந்து வெதுவெதுப்பான காற்று அவன் கழுத்தில் பட்டது. அடுப்புப் புகை வாசம்.

ரிஜோ சமையலறைக்கு நடந்து போனதாகத்தான் பிற்பாடு சொல்லிக்கொண்டான். கத்தரீனாள் பார்த்தது வேறு.

“ஏம்லே இப்படி விழுந்தடிச்சு வாற?”

“அம்மா, அந்த ரூம்ல...”

“அவுக சும்மாதான இருக்காக. நீதான் அதைப் போட்டு நோண்டிக்கிட்டே இருக்க. முன்ன அந்த விசிறி கத்துனப்ப எனக்கும் ஒண்ணும் கேக்கல. இப்ப நல்லாக் கேக்கு.”

“உனக்கும் கேக்குதா?”

“பொஞ்சாதிக்குக் கேக்காம? சோத்துல உப்பு கொறைச்சல்னு நேத்துகூடச் சொன்னாக.”

ரிஜோ அவளோடு பேசிப் பயனில்லை என்று கோயிலுக்குப் போய் ஒரு பாட்டில் தீர்த்தம் வாங்கி வந்தான். பெட்டியின் மூடியைக் கழற்றி, சிலுவை போட்டு, நன்றாகவே தெளித்தான். மறுபடி பிளக்கைச் செருகியதும் உள்ளே ஒரு நீலப் பொறி. கார்டு போய்விட்டது.

“தண்ணி பட்டா வாரண்டி இல்ல சேட்டா,” என்றான் ஜோஜோ.

“அது தீர்த்தம்டா.”

“கம்பெனிக்காரன் ருசிச்சா பாக்கப் போறான்? கார்டைக் கழட்டி வை. சும்மா வாசிக்கிறதுக்கு அது வேண்டாம். படம் சேர்க்கும்போது வேற பாக்கலாம்.”

சனிக்கிழமை வந்தது. ஸ்டோர் மேஸ்திரி காலையிலேயே வாசலில் நின்று, “திங்கக்கிழமை வந்துருவேல்லா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ரிஜோ அறைக்குள் போனான். கார்டு இல்லாத பெட்டி, பல் விழுந்த வாய்போலத் திறந்து கிடந்தது.

“இந்தா பாரும்,” என்றான் பெட்டியிடம். அப்பா உயிரோடு இருந்தபோது அப்படிப் பேசியிருந்தால் கன்னத்தில் அறை விழுந்திருக்கும். “நீரு எனக்கு வராதுன்னு சொன்னீரு. எனக்கு இருக்கது இது ஒண்ணுதான். இல்லன்னா உம்ம அடுப்புக்கே நானும் போவணும். மூச்சு விடணும்னா விட்டுக்கிடும். நானும் அங்கேயே விடுதேன்.”

மைக்கை இழுத்தான். வாசித்தான். அது எங்கே மூச்சு வாங்கியதோ அங்கே அவனும் வாங்கினான். அது நின்ற இடத்தில் நின்றான். வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நடந்தன. கடைசி வரி முடிந்தபோது தன் வாயிலிருந்து வந்ததென்று அவனாலேயே நம்ப முடியவில்லை. யாரும் தாளைப் பிடுங்கவில்லை. கேட்டுப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் அப்படியே அனுப்பினான்.

சாயங்காலம் போன் வந்தது.

“வாழ்த்துக்களுங்க சார்! எம்.டி. கேட்டதுமே எழுந்து நின்னுட்டாருங்க. இப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதே இல்லைன்னாருங்க.”

ரிஜோவின் கண் நிறைந்துவிட்டது. ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு, “அம்மா! கெடைச்சுருச்சும்மா!” என்று கத்தினான்.

சமையலறையிலிருந்து கத்தரீனாள், “தெரியும்லே. இப்பத்தான் சொல்லிட்டுப் போனாக,” என்றாள்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. “அந்தச் சத்தம் ஒண்ணும் தொந்தரவா இல்லையே மேடம்?”

“அதை எங்க சவுண்டு இன்ஜினீயர் ஒரே நிமிசத்துல எடுத்துட்டாருங்க. அந்த இரைச்சல் வேற ஒண்ணுமில்லீங்க சார், நீங்க கூடவே வாசிச்சதுதானுங்க. அது போனதும் பெரியவர் குரல் கணீர்னு வந்துருச்சு, திங்கக்கிழமையிலிருந்து அவருக்கு வேலை உறுதிங்க, அவரோட ஆதார் நகலை மட்டும் நீங்க அனுப்பி வச்சுருங்க.”