பயன்படாதவற்றை நீக்குதல்

இன்னும் மூன்று மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஐந்து மணிக்குள் அவள் கையேட்டின் வரைவைச் சரிபார்த்து முடிக்க வேண்டும். வேலை நிரந்தரமா இல்லையா என்று அதன் பிறகு சொல்வதாக மேனேஜர் கூறியிருந்தார்.

கணினியில் பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, நிறுவவும் நீக்கவும் அந்த அலுவலகமே செய்த கருவிக்கான கையேடு அது. சரிபார்ப்பவருக்கு ஒரே விதிதான். வரைவில் உள்ளதை அப்படியே அடித்துப் பார்க்க வேண்டும். சொந்தமாக யோசிக்கக் கூடாது.

ஏழாம் அத்தியாயம் ‘பயன்படாதவற்றை நீக்குதல்’. வரைவில் இருந்த முகவரியை அடித்துச் சோதனைக் கணினிக்குள் நுழைந்தாள். பட்டியலில் காக்கா, ஓணான், ஒட்டகம், புலி, எறும்பு என்று இருபத்து மூன்று பேக்கேஜ்கள். எல்லாம் அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்கள். எறும்பு அவள்தான்.

எதிர் மேசைக் காக்காதான் வரைவை எழுதியவர்.

“சார், உதாரணத்துக்கு நம்ம பேரையா வெச்சிருக்கீங்க?”

“நான் ஆப்பிள், ஆரஞ்சுன்னுல்ல வெச்சேன்? எவனாவது விளையாடியிருப்பான். நீ அடிம்மா, கம்ப்யூட்டர் கடிக்கவா போகுது?”

அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

அடித்தாள். பட்டியலில் முதலாவதை நீக்கும் கட்டளை அது. ‘நீக்குமுன் அனுமதி கேட்கும்’ என்றது வரைவு. கேட்கவில்லை.

‘காக்கா நீக்கப்பட்டது.’

‘பிழை’ என்று ஓரத்தில் குறித்தாள்.

அரை மணி நேரமாகியும் காக்கா திரும்பவில்லை. அவர் காபியில் ஆடை படிந்திருந்தது.

அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ‘மீண்டும் நிறுவுதல்’ பகுதியைத் தேடி அடித்தாள்.

‘காக்காவைச் சார்ந்த ஆறு பேக்கேஜ்களும் நீக்கப்பட்டன.’

அப்போதுதான் டீக்குப் போயிருந்த ஓணானும் அவர் கூட்டாளிகள் ஐந்து பேரும் வெகுநேரமாகியும் வரவில்லை. ஆள் அசைவு இல்லாததால் அவர்கள் பக்கத்து விளக்குகள் தாமாக அணைந்தன.

அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, நான் பேரை அழிச்சா ஆளுங்க காணாமப் போறாங்க.”

“அப்படியாடி? உங்க மாமா பேரையும் சேர்த்து அழியேன். சாயந்திரம் வரைக்கும் போதும்.”

“விளையாடாதக்கா. பயமா இருக்கு.”

“பேய்க்கு வேற வேலை இல்லையா, உன் ஆபீஸுக்கு வர்றதுக்கு? சாப்பிட்டியா இல்லையா, அதைச் சொல்லு.”

நான்கு மணிக்கு மிச்சமிருந்தவர்கள் மொத்தமாக டீக்குக் கிளம்பினார்கள். மேனேஜரும்தான். அவர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று கடைசிக் கட்டளையை அடித்தாள்: ‘முந்தைய நிலைக்குத் திரும்புதல்’.

‘பதினைந்து பேக்கேஜ்கள் நீக்கப்பட்டன. எறும்பு தற்போது பயன்பாட்டில் உள்ளது. நீக்க இயலாது.’

நாலரை ஆகியும் யாரும் வரவில்லை. ஒவ்வொரு வரிசையாக விளக்குகள் அணைந்து, அவள் தலைக்கு மேல் ஒன்று மட்டும் எரிந்தது.

வாசலோர மேசையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. அடுத்த மேசையில் அடித்தது. பிறகு அதற்கு அடுத்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு மேசையாக மணி அவளை நோக்கி வந்தது. அடுத்தவர் போனை எடுத்துப் பழக்கமில்லை என்பதால் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாக அவளுடையது அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

“ஹ... ஹலோ?”

“அப்பாடா! கேட் செக்யூரிட்டி பேசறேன் மேடம். உள்ள யாருமே இல்லையோன்னு பயந்துட்டேன்.”

“அண்ணே, மத்தவங்க எல்லாம்...?”

“எல்லாரும் இங்கதான் வெயில்ல நிக்கறாங்க. வெளிய போன ஒருத்தர் கார்டுக்கும் கதவு திறக்கல. கேட் கம்ப்யூட்டர்ல நீங்க கார்டுக்கு வெச்ச பட்டப்பேரெல்லாம் அழிஞ்சு கிடக்கு.”

அவளுக்கு உயிர் வந்தது. அவர்கள் எங்கும் மறையவில்லை. வரைவில் முகவரிதான் தவறு; அது சோதனைக் கணினியுடையதல்ல, கேட் கணினியுடையது. முதல் பக்கத்திலேயே குறித்துவிடலாம். சிரித்தேவிட்டாள்.

“என் பேரு இருக்காண்ணே?”

“உங்க பேரு ஒண்ணுதான் மேடம் இருக்கு. அதான் எனக்கும் புரியல. அஞ்சு மணிக்கு அழிக்கச் சொல்லி மேனேஜர் காலைல எழுதிக் கொடுத்தது உங்க பேரை மட்டும்தானே?”