கூடைக்குக் காவல் இருந்த வாச்சர்

ஊவா மாகாணத்துலயே பெரிய சந்தேகக்காரர் யாருன்னு போட்டி வச்சா, மடுல்சீமைத் தோட்டத்து வாச்சருக்குத்தான் பரிசு. ஆனா பரிசைக் கையில வாங்க மாட்டார். "என்னாத்துக்குக் குடுக்குறீங்க?" என்பார்.

தேயிலை மலையில விறகுத் திருடனைப் பிடிக்கிற வேலை. வேலையை விட்ட பிறகும் எல்லாருக்கும் அவர் வாச்சர்தான். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு ஓசியில கூரைத் தகரம் குடுத்தாங்க. எல்லாரும் மாட்டினாங்க, இவர் மட்டும் மழைக்காலம் பூரா முற்றத்துல நிறுத்தி வச்சு, ஒழுகுதான்னு பார்த்தார். இலவசக் கண் முகாமுல டாக்டர் எழுத்தைக் காட்டினப்ப, "மொதல்ல நீங்க வாசிங்க" என்றார். தோட்டத்துல ஓசியா எது வந்தாலும் பின்னாலயே ஒரு கேமராவும் குடுக்குறவர் கழுத்துக்கு ஒரு மாலையும் வரும். அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவர், போன மாசம் பதுளைக் கலைக்கூடத்துல நடந்த இலவச மக்கள் நாளுக்கு ஒத்தையா வந்து நின்னார். நான் ஏன் அங்க இருந்தேன்னா, கதிரை என்னோடது. மூணாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்னைக்கு எவ்வளவு படிச்சவங்களும் என் வாடகைக் கதிரையிலதான் உட்காரணும்.

வாச்சர் வந்தது சுவத்துல மாட்டின படம் பார்க்க இல்ல. லயத்துப் பழைய சாமான்களை ஒரு நாள் காட்சிக்கு வைக்கிறோம்னு, செத்துப்போன அவர் சம்சாரம் கொழுந்து பறிச்ச கூடையைக் கலைக்கூடத்துக்காரங்க வாங்கிட்டுப் போயிருந்தாங்க. திரும்பத் தருவாங்களான்னு அவருக்கு உயிர் போற சந்தேகம். மாத்திடக் கூடாதுன்னு அடியில சிவப்புத் துணி வேற முடிஞ்சு வச்சிருந்தார்.

என் கதிரை ஒண்ணை இழுத்துப் போட்டு, கூடைக்குப் பக்கத்துல கம்போட உட்கார்ந்தார். அசையல. சனம் அவரையும் காட்சியில சேர்த்திருச்சு. ஒரு பொண்ணு குனிஞ்சு மூஞ்சியைப் பார்த்து, "எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க!" என்றது.

"தள்ளி நில்லு தாயி. கை கூடைகிட்ட போகுது."

பொண்ணு போட்ட கூச்சல்ல மண்டபமே திரும்பிருச்சு.

"வாச்சரே, போயி படத்தைப் பாருங்களேன்" என்றேன்.

"நான் படத்தப் பாக்குற நேரம் பாத்துத்தான் கூடையத் தூக்குவாங்க, மொதலாளி. ஓசியில உள்ள வுடுறாங்கன்னா சும்மாவா?"

ஒண்ணுக்குப் போனப்பவும் கூடையைத் தூக்கிட்டே போனார்.

சாயங்காலம் கலைக்கூடத்து மிஸ் வந்தாங்க. "ஐயா, இது இங்கேயே இருக்கட்டுமே. உங்க வீட்டம்மா பேரையும் எழுதி வைக்கிறோம்."

"பாத்தீங்களா மொதலாளி! சொன்னேன்ல!"

"விருப்பமில்லைன்னா எடுத்துட்டுப் போங்க ஐயா" என்று மிஸ் தன் கையாலேயே கூடையை எடுத்துக் குடுத்தாங்க.

அதை அவர் எதிர்பார்க்கல. வாங்கித் திருப்பி, சிவப்புத் துணியைப் பார்த்தார். குரல் இறங்கிப்போச்சு.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ். இத இங்க வுட்டுட்டுப் போனா, வூட்ல நான் எதுக்குக் காவல் இருக்குறது?"

கதிரைகளை அடுக்கிக்கிட்டிருந்த நான், "கடைசி பஸ் போயிருச்சு. என் கதிரை லொறியில ஏறுங்க" என்றேன்.

"என்னாத்துக்கு?"

"ஏறுங்கய்யா!"

கூடையைப் பின்னால கதிரைகளோட போடச் சம்மதிக்கல. டிரைவருக்குப் பக்கத்துல ரெண்டு பேருக்குத்தான் இடம். ஒண்ணுல அவர், ஒண்ணுல கூடை. லொறிச் சொந்தக்காரன் நான், பசறை மலைப்பாதை வளைவெல்லாம் பனியில நடுங்கிக்கிட்டுப் பின்னால உட்கார்ந்து போனேன். கூடைக்குக் குளிரும், ஜன்னலை ஏத்தி விடுன்னு மட்டும் டிரைவருக்கு ஒரு சத்தம் குடுத்தேன்.