கோயில் கிணற்றில் ஒரு பேணி புலமைப்பரிசில்

வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றுக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வருகிற ஒருவனை, முதல் இரண்டு வருடங்களுக்காவது கிணற்றடிப் பக்கம் தனியே விடக்கூடாது. அவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நினைக்கும். அது பரவாயில்லை. அவனும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பான், அங்கேதான் வில்லங்கம். நான் நிலத்தடி நீரில் பட்டம் பெற்றவன் என்பதால் என்னுடைய வில்லங்கம் நேரே தண்ணீருக்குள் இறங்கியது.

அப்போது எங்கள் பல்கலைக்கழகத்தில் கலாநிதி ஆய்வு செய்ய வழி இருந்தது. கருவிகளும் ஓரளவு இருந்தன. மேற்பார்வை செய்ய என்னைப் போன்ற மேதைகளும் இருந்தார்கள். மாணவர்கள்தான் இல்லை. கெட்டிக்காரர்கள் விமானம் ஏறினார்கள், மிஞ்சியவர்கள் வங்கியில் சேர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று நான்கு வருடம் ஆய்வு செய்கிறவர் அத்தனை வருடமும் சாப்பிட வேண்டுமே. (எங்கள் ஆய்வுகூடத்தில் இலவசமாகக் கிடைப்பது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான்.)

தர்சிகா எங்கள் துறையில் முதல் வகுப்பில் சித்தியடைந்தவள். கோப்பாயில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரரின் மகள். நான் பலகையில் ஒரு கணக்கை எழுதி முடிப்பதற்குள் அதிலுள்ள பிழையைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனாலும் வகுப்பு முடியும்வரை காத்திருந்து தனியாக வந்து சொல்லுகிற பண்பு அவளிடம் இருந்தது. நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகம் முழுச்செலவும் தருகிறோம் வா என்று கூப்பிட்டிருந்தது. அவளுக்குப் போக மனமில்லை. அங்கே போனால் அவர்களுடைய தண்ணீரைத்தானே அளக்கவேண்டும், நம்முடைய கிணறுகளை யார் அளப்பது என்று கேட்டாள். அதே மூச்சில், இனியும் அப்பாவின் உழைப்பில் இருந்து சாப்பிட முடியாது என்றும் சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நோர்வேக்குப் பதில் அனுப்பியாக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் றெஜினா அன்ரி வந்தார். குருநகரில் ஐஸ் கொம்பனியும் நண்டு ஏற்றுமதியும் நடத்துகிறவர். கலாநிதி ஆய்வு செய்கிற ஒரு பிள்ளைக்குப் புலமைப்பரிசிலாக மாதாமாதம் பணம் தரப் போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னமும் என் காதில் இருக்கிறது.

"என்ரை பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போட்டுதுகள் தம்பி. ஆரின்ரையெண்டாலும் ஒரு பிள்ளை இஞ்சை நிக்கட்டும்."

ஆனால் அன்ரி வியாபாரி. நண்டைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு நாளும் விலை பேசியதில்லை. ஆய்வு என்றால் என்ன, அது யாருக்கு என்ன செய்யும் என்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்றார். பார்த்துவிடுவோம் அன்ரி என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

என் திட்டம் எளிமையானது. குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குக் கிணறு போகிறது. தர்சிகா வீட்டுத் தோட்டக் கிணற்றில் கொஞ்சம் சாயத்தைப் போட்டால், வடக்கே இருக்கிற அடுத்த தோட்டக் கிணற்றில் அது வரும். அன்ரி பார்ப்பார், வியப்பார், கையெழுத்து வைப்பார். தண்ணீர் வடக்கேதான் ஓடும் என்பதை என் ஆய்வேட்டில் அழகான வரைபடம் போட்டு நான் நிறுவியிருந்தேன். அந்தச் சாயம் தூளாக இருக்கும்போது செம்மஞ்சள், தண்ணீர் பட்டால் கண்ணைப் பறிக்கும் பச்சை. உடம்புக்குக் கெடுதி இல்லாதது. கண் வைத்தியர்கள்கூடப் பாவிப்பது. தர்சிகா கணக்குப் பார்த்து, ஒரு தேக்கரண்டி காணும் சேர், அதுக்கு மேலை வேண்டாம் என்றாள். அளந்து போட்டும் விட்டாள். பிறகு அடுத்த தோட்டத்துக்குப் போய் அங்கே கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நானும் அன்ரியும் முதல் கிணற்றடியில் தனித்து நின்றோம். நேரம் போனது. அடுத்த தோட்டத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அன்ரி கிணற்றை எட்டிப் பார்த்தார். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். ஒரு தேக்கரண்டி என்றேன்.

"உவ்வளவுதானோ?" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கெட்டுப்போகத்தான் நான் இத்தனை வருடம் படித்திருக்கிறேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ என் பட்டம், என் பல்கலைக்கழகம், தர்சிகாவின் எதிர்காலம் எல்லாவற்றையும் அவர் ஒரு தேக்கரண்டியில் அளந்துவிட்டது போலப் பட்டது. சாயத்தூள் இருந்த தகரப் பேணியை எடுத்தேன். அது ஊர்க் கிணறுகள் பலவற்றுக்கும் சேர்த்து வாங்கிய பேணி. மூடியைத் திறந்து அப்படியே கவிழ்த்தேன். காற்று எதிர்ப்பக்கம் வீசியதில் பாதித் தூள் கிணற்றுக்குள்ளும் மீதி என் கைகளிலும் விழுந்தது. வியர்வை பட்டதும் முழங்கைவரை பச்சையாகிவிட்டேன். அன்ரி மரியாதை தெரிந்தவர், பார்வையை வெங்காயப் பாத்திப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் வரைக்கும் அடுத்த கிணறு தெளிந்த தண்ணீரோடு பேசாமல் கிடந்தது. தர்சிகாவின் அம்மா சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கிணறு நல்ல கிணறு என்று பொதுவாக ஒரு பாராட்டை வைத்துவிட்டு அன்ரி புறப்பட்டார். கையெழுத்தைப் பற்றிய பேச்சே இல்லை. பேணி காலியான விடயத்தை நான் தர்சிகாவிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, இதில் பேணி வேறா?

வீட்டில் சவர்க்காரம், தேசிக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் கை வெளுக்கவில்லை. மறுநாள் காலை மனைவியின் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் திருவிழா. மனைவியின் ஊரும் அதே கோப்பாய்தான். என் மாமனார் அந்தக் கோயிலின் நிர்வாகசபைத் தலைவர். மருமகன் வராமல் இருக்க முடியாது. வேட்டியைக் கட்டி, சால்வையால் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவன் மாதிரிப் போய் நின்றேன். (சித்திரை மாத வெயில்.) அபிஷேகம் நடந்தது. எல்லோரும் கைகளைத் தலைக்கு மேல் குவித்து அரோகரா சொன்னார்கள். நான் மட்டும் வாயால் கும்பிட்டேன்.

அப்போது வெளியே ஒரு பெண் கத்தினார். சனம் ஓடியது. அபிஷேகத் தண்ணீர் வெளியே வந்து விழுகிற கோமுகையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் தெரியாதது வெயிலில் தெரிந்தது. பச்சை. சந்தேகத்துக்கு இடமில்லாத, பட்டப்பகல் பச்சை.

அபிஷேகத்துக்கு அள்ளுகிற கோயில் கிணறு தர்சிகா வீட்டுத் தோட்டத்துக்குத் தெற்கே இருக்கிறது. என் வரைபடத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் போக அனுமதியே கிடையாது.

எங்கள் பகுதியில் கிணற்றுத் தண்ணீரோடு பகிடி விட முடியாது. கழிவெண்ணெய் கலந்த கிணறுகளைப் பார்த்துப் பயந்த சனம். நஞ்சு என்று ஒருவர் சொன்னார். அன்னதானத்துக்குக் கழுவி வைத்த அரிசி என்னாகும் என்று இன்னொருவர் கேட்டார். பிள்ளைகளைத் தாய்மார் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். நான் சால்வையை இன்னும் இறுக்கிப் போர்த்தினேன். மாமா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"எங்கடை மருமோன் தண்ணியைப் பற்றிப் படிச்சவர். வழி விடுங்கோ. தம்பி, வந்து கையிலை அள்ளிப் பாத்துச் சொல்லுங்கோ."

ஊர் விலகி வழி விட்டது. அவ்வளவு மரியாதையாக என் வாழ்நாளில் யாரும் எனக்கு வழி விட்டதில்லை. நான் நடந்து போனேன். சால்வையை விலக்கினேன். கையை நீட்டினேன்.

தண்ணீரும் கையும் ஒரே நிறம்.

மாமா என் கையைப் பார்த்தார். பிறகு கோமுகையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன். கெடுதி இல்லாதது என்றேன். அப்படியென்றால் குடித்துக் காட்டு என்றார்கள். குடித்தேன். செய்தி கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் மறுபடியும் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. (அடுத்த நாள் மலசலகூடத்தில் நான் கண்ட காட்சியை மரியாதை கருதி விடுகிறேன்.)

நடுவில் தர்சிகா துவிச்சக்கர வண்டியில் வந்து இறங்கினாள். காலையில் கிணற்றடியில் வெறும் பேணியைக் கண்டிருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பையிலிருந்து போத்தல்களை எடுத்து, கோமுகைத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பிடித்து, நேரம் எழுதி ஒட்டினாள். சனம் தானாகவே அமைதியாகிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா அவளுக்கு ஊர் முறையில் பெரியப்பா. இதென்ன பிள்ளை கூத்து என்று அவளிடம் கேட்டார்.

"சேர் போட்டது கனக்கத்தான், பெரியப்பா. ஆனா எங்கடை தோட்டத்துக்குப் போடுற உரம், அடிக்கிற மருந்து எல்லாம் இந்த வழியாலைதான் உங்கடை கிணத்துக்கு வருது. அதுக்கு நிறமில்லை. இண்டைக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது."

கூட்டத்தில் அவளுடைய அப்பாவும் நின்றார். மற்றத் தோட்டக்காரர்களும் நின்றார்கள். எப்போது தெளியும் என்று கேட்டார்கள். சொன்னாள். அதுவரை ஒவ்வொரு காலையும் மாலையும் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னாள். (அவள் சொன்ன நேரத்துக்கே தெளிந்தது.) நான் வெளிநாட்டில் பெரிய பெரிய பேராசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் நிற்கிற ஓர் ஊருக்கு நடுவில் நின்று, கசப்பான ஒரு விடயத்தை இவ்வளவு நிதானமாகச் சொன்ன ஒருவரைப் பார்த்ததில்லை. பச்சைத் தண்ணீர் நிறைந்த வயிற்றோடு நான் பெருமைப்பட்டேன்.

மத்தியானத்துக்குள் குருநகர்வரை செய்தி போய்விட்டது. றெஜினா அன்ரி, ஐஸ் கொம்பனிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறியைத் தன் வாகனத்துக்குப் பின்னால் ஓட்டிவரச் செய்து வந்து சேர்ந்தார். மாதா கோயிலுக்குப் போகிறவர் பிள்ளையார் கோயில் அன்னதானத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததை அந்த ஊர் இன்றைக்கும் சொல்லும். வெளிவீதி வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, போத்தல்களோடு போய் வருகிற தர்சிகாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நேற்றுக் கிணத்தைப் பாத்தன், ஒண்டும் விளங்கேல்லை. இண்டைக்குப் பிள்ளையைப் பாத்தன். காசு தாறன். ஆனா காசு பிள்ளைக்குத்தான், சேருக்கில்லை. ஆரோடை வேலை செய்யிறதெண்டு பிள்ளைதான் சொல்லோணும்."

தர்சிகா என்னைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள். எங்கள் துறையில் நான் ஒருவன் மட்டும் இல்லை, ஒழுங்காகத் தேக்கரண்டியால் அளக்கத் தெரிந்த வேறு மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு அபிஷேக நேரத்தைவிட அதிகமாக வியர்த்தது.

"இவரோடையே செய்யிறன் அன்ரி. பிழை விட்டா ஒளிக்காமல் சொல்லுவார்."

(நான் சொல்லவில்லை, பிடிபட்டேன். அந்த நேரத்தில் அதைத் திருத்தப் போகவில்லை.)

வெள்ளிக்கிழமை நோர்வேக்கு நன்றி சொல்லிக் கடிதம் போனது. தர்சிகாவின் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம், தண்ணீர் வடக்கே ஓடுகிறது என்ற என் முடிவு ஏன் பிழை என்பதைப் பற்றியது. அதை நானே மேற்பார்வை செய்து, நானே கையெழுத்து வைத்தேன். இப்போது அவள் கலாநிதி தர்சிகா, எனக்கு அடுத்த அறையில் இருக்கிறாள். அன்ரியைப் பார்த்து வேறு சிலரும் புலமைப்பரிசில் தருகிறார்கள். விமானம் ஏற வேண்டிய பிள்ளைகள் சிலர் எங்கள் துறைக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் முதலில் அவள் வாயால் என் கதையைக் கேட்கிறார்கள். அதன் பிறகும் போகாமல் நிற்கிறார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

குடும்பத்தில் கதை வளர்ந்துவிட்டது. என் மகள் சொல்லுகிற வடிவத்தில் தொண்டைமானாற்றுக் கடல்வரை பச்சை. போன திருவிழாவுக்குப் போனபோது, கால் கழுவக் கோயில் கிணற்றடிப் பக்கம் திரும்பினேன். மாமாவுக்கு இப்போது முழங்கால் வருத்தம், எழும்பவே கஷ்டம். ஆனாலும் என்னைக் கண்டதும் தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார். நேரே கிணற்றடிக்குப் போய் முதுகைக் கிணற்றுச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் உள்ளுக்கை போய்க் கும்பிடுங்கோ தம்பி," என்றார். "இஞ்சை நான் நிக்கிறன்."