தோப்ரிலா வீட்டு வாசல்வரை நடந்த நடை

வால்யேவோ,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் நெவெனாவுக்கு,

அப்பா திஹோமிர் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோவி சாத் நகரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்பது வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். எழுத்து கோணியிருந்தால் அந்தப் பயத்தில்தான். புது வியாதி என்று எண்ணிவிடாதே.

டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கும். இன்சுலின் வந்து சொன்னாலும் என் செல்கள் கேட்பதில்லையாம், கணையம் மேலும் மேலும் சுரந்து ஓய்ந்துபோகுமாம். இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை, சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றினால் திரும்பிவிடலாம் என்றார். இயற்பியல் வாத்தியாராக இருந்தவனுக்கு இது புரிந்துவிட்டது, அதுதான் பயம். வெள்ளை ரொட்டியை விட்டேன். பூரெக் ரொட்டிக் கடையின் வாசனை வருகிறதென்று அந்தத் தெருவையே விட்டேன். பீன்ஸும் முட்டைக்கோஸும் தின்று, தின்ற கையோடு நடக்கப் போகிறேன். வினை அந்த நடையில்தான் வந்தது.

மேட்டுத் தெருவில் ஏற்றம் முடியும் இடத்தில் தோப்ரிலாவின் வீடு. தபால் நிலையத்தில் இருந்தவள், கணவரை இழந்தவள், உனக்குத் தெரியும். ஒரு முறை வகுத்துக்கொண்டால் நான் மாற்றமாட்டேன். தினமும் மதியம் அவள் வாசல்வரை ஏறி, நின்று மூச்சு வாங்கி, திரும்புவேன். மனைவியை இழந்தவன் ஒருத்தி வாசலில் நின்று தினமும் பெருமூச்சு விட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருநாள் அவள் கதவைத் திறந்து, "என்ன வாத்தியாரே, வாசலோடயே போயிடுறீங்க? உள்ள வாங்க" என்றாள். போனால், தட்டில் ஸ்லாட்கோ! சர்க்கரைப் பாகில் முழுகிய பிளம் பழம், பக்கத்தில் கரண்டியும் தண்ணீரும். அதை வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்றதாகாதா? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இப்படியாக, சர்க்கரையைக் குறைக்க நடந்து, நடந்ததால் சர்க்கரை தின்று, தின்ற பயத்தில் மறுநாள் இன்னும் வேகமாக நடந்து, அதனால் அவள் வீட்டுக்கு இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறேன். பாதையை மாற்று என்பாய். ஆசை காட்டிவிட்டு ஓடினான் என்பார்களே!

நேற்று அவளுடைய அண்ணன் ராதோமிர் பிளம் சாராயத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"எங்க தோப்ரிலாவ எப்போ பொண்ணு கேக்கப் போறீங்க?"

"ஐயையோ, நான் சர்க்கரைக்காகத்தான் நடக்குறேன்!"

"அதான் அங்க தினமும் கிடைக்குதே! படிச்ச மனுஷன், ஒரு நல்ல சாக்கு சொல்லத் தெரியல. எங்க பெரியப்பா குதிரையத் தேடுறேன்னு சொல்லித்தான் பெரியம்மா வீட்டையே சுத்துனாரு. அவருக்கு ஏது குதிரை?"

நான் வாய் திறக்கவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே மகளே, நீ ராதோமிருக்குப் போன் செய்து, அப்பா நடப்பது வைத்தியத்துக்காக என்று சொல்ல வேண்டும். தோப்ரிலா மனம் நோகக் கூடாது. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும். இன்று நடக்கப் போகவில்லை. போகாததால் எவ்வளவு ஏறியிருக்குமோ, அது வேறு கவலை.

கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும், உங்கள் கணையங்களையும் காக்கட்டும்.

உன் அப்பா,
திஹோமிர்

பி.கு.: போன் செய்யாதே. உறையை ஒட்டுவதற்குள் தோப்ரிலாவே வந்துவிட்டாள். "இன்னைக்கு ஏன் வரல?" என்றாள். பயத்தில் உண்மையைக் கொட்டிவிட்டேன். நாற்காலியில் சாய்ந்து அப்படிச் சிரித்தாள். "எனக்கும் அதே கோளாறுதான் வாத்தியாரே, அதே டாக்டரம்மாதான்! நீங்க வந்து உக்காந்து 'நீங்களும் எடுத்துக்குங்க, நீங்களும் எடுத்துக்குங்க'ன்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? இந்த மனுஷன் எப்பத்தான் வர்றத நிறுத்துவாரோன்னு மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்திட்டு இருக்கேன்!" எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நாளையிலிருந்து இருவரும் ஆற்றோரமாக நடப்பதாக முடிவு. அங்கே வீடுகள் கிடையாது. வியாழக்கிழமை ரத்தம் கொடுக்கவும் சேர்ந்தே போகிறோம். ராதோமிர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது இரண்டு பேருமாகப் பயப்படுகிறோம்.