மூளைக்கண் சித்தரும் மூன்று விரலும்

2004ஆம் ஆண்டு, பாடாலூர். வழக்கமாக நிற்காத பஸ்கூட ஞாயிற்றுக்கிழமை நின்று ஆளை இறக்கியது. காரணம் மூளைக்கண் சித்தர். நெடுஞ்சாலை ஓரத்துக் கல்யாண மண்டபத்தில், சர்க்கரை நோயால் கெட்ட கண்களுக்கு அவர் பார்வை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது பாவம்.

சர்க்கரை விழித்திரையைக் கெடுத்தால் மூளை வேலை செய்யும் விதமும் மாறுகிறது என்கிறார்கள் டாக்டர்கள். சித்தர் அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"கண்ணுல ஒண்ணுமே இல்லம்மா. மூளைதான் தூங்குது. லேசரு கீசரு எதுவும் வேணாம். மாத்திரையை நிறுத்து. நம்ம சூரணத்தைத் தின்னு."

வைத்தியம் எளிது. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டுவார். காதருகே மணியடித்து மூளையை எழுப்புவார். "ஒன் கையைத் தூக்கு. இஷ்டப்பட்ட விரலை நீட்டி மூஞ்சிக்கு நேரா ஆட்டு. எத்தனை விரல் தெரியுது?"

"மூணு தெரியுது சாமி!"

கட்டிய கண்ணுக்கே தெரிகிறதாம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அன்று மேடையில் அரியலூர்ப் பக்கத்துக் கொளஞ்சியம்மாள். ஒரு கண் போய்விட்டது. மற்றதைக் காப்பாற்றத் திருச்சி ஆஸ்பத்திரியில் மறுநாள் லேசர் வைக்க வேண்டும். அவளும் தன் மூன்று விரலைப் பார்த்தாள். அழுதாள். "நாளைக்கு நான் போகல சாமி" என்றாள்.

அடுத்து, மனைவி ஆண்டாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார் ஜெயங்கொண்டம் நெசவுக்காரர் அங்கமுத்து. துணி கட்டியாயிற்று. மணி அடித்தது. கையை ஆட்டினார்.

"நாலு விரல் நெழலாட்டம் தெரியுது."

விசில் பறந்தது.

"இருங்க. எனக்கு ரெண்டு கண்ணும் போயி ஆறு வருஷமாச்சு. வூட்டுல மணி அடிக்காமலே என் கை இப்படித்தான் தெரியும். ஆட்டுறது நான்தானே, மூளையே படம் போட்டுக்குது. இப்ப ஒங்க விரலைக் காட்டுங்க, பார்ப்போம்."

"ஒனக்கு நம்பிக்கை பத்தாது" என்றார் சித்தர்.

"எனக்கு இருக்கு சாமி!" துணியை இன்னும் அவிழ்க்காத கொளஞ்சியம்மாள் எழுந்தாள். "எனக்குக் காட்டுங்க!"

சித்தர் திரும்பிக்கொண்டார்.

"தெரியுது சாமி! அஞ்சு விரலும் தெரியுது!"

சித்தரின் இரண்டு கைகளும் அப்போது சூரணப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தன.

ஆண்டாயி போய்க் கொளஞ்சியம்மாளின் கண்கட்டை அவிழ்த்துவிட்டாள். அதற்குள் மூளைக்கண்ணுக்குப் பின்வாசல் தெரிந்துவிட்டது. பெட்டியும் கூடவே போயிற்று.

"எனக்கும் இப்படி ஒரு லேசர் தேதி இருந்துச்சு தாயி," என்றார் அங்கமுத்து. "அன்னைக்கு நான் வேற ஒரு சாமிகிட்ட போயிட்டேன்."

கொளஞ்சியம்மாள் அவரிடம் கேட்டாள்: "திருச்சிக்குக் காலையில மொத பஸ் எத்தனை மணிக்குங்க?"

மண்டபத்தில் முந்நூறு பேர். பாதிப் பேர் துணைக்கு வந்தவர்கள், கண் நன்றாகத் தெரிந்தவர்கள். அது யாருடைய விரல் என்று யோசித்தவர் பார்வையே இல்லாத ஒருவர்தான். இரண்டு கண்ணையும் அகலத் திறந்துவைத்திருந்த மற்றவர்களே, உங்கள் மூளையை எழுப்ப எந்த மணியை அடிக்க வேண்டும்?